வாசகர் கேள்வி–பதில்: உலை அணைந்த பின் வரும் பட்டியல்

சென்ற இதழில் வாசகர் ஒருவருக்கு எழுதிய பதிலில், பிரித்தானியாவின் செலாஃபீல்ட் அணுசக்தி வளாகத்தைத் துப்புரவாக்கி முடிக்க 136 பில்லியன் பவுண் தேவைப்படும் என்றும், அந்த வேலை 2125ஆம் ஆண்டு வரை நீளும் என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பதிலின் மற்றப் பகுதிகளை எவரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை, அணுக்கழிவு பற்றிய ஆய்வுக்கும் பழைய அணு உலைகளைக் கழற்றி அகற்றும் வேலைக்கும் அரசுகள் செலவிடும் பணம் பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: குப்பையைப் புதைப்பதற்கு ஆராய்ச்சி எதற்கு? ஆழமாக ஒரு குழி தோண்டி, கொங்கிறீற்று போட்டு மூடினால் போதாதா? இத்தனை பில்லியன் பணத்தை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் என்னதான் செய்கிறார்கள்?

முதலில் ஒரு திருத்தம். அந்த 136 பில்லியன் ஆராய்ச்சிப் பணம் அன்று. அதில் மிகப் பெரும்பகுதி கட்டடங்களை இடிப்பதற்கும், கழிவைத் தோண்டி எடுப்பதற்கும், எடுத்ததைப் பொதிசெய்து காவல் காப்பதற்கும் போகிறது. பிரித்தானியாவில் இந்த வேலைக்கென 2005இல் அமைக்கப்பட்ட அரச அதிகாரசபை ஆண்டுக்குச் செலவிடும் ஏறத்தாழ 4 பில்லியன் பவுணில், ஆய்வுக்குச் செல்வது ஏறத்தாழ 100 மில்லியன் மட்டுமே. அதாவது நூறு ரூபாவில் இரண்டரை ரூபா. ஆராய்ச்சிக்கு ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்கிறீர்கள். அந்த இரண்டரை ரூபாவை ஐம்பது வருடங்களுக்கு முன்னரே ஏன் செலவிடவில்லை என்பதுதான் என்னுடைய கேள்வி.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது; சாப்பிட்டுக்கொண்டு வாசிப்பவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடலாம். கல்லடியில் நான் வீடு கட்டியபோது, மேசன் மலசலகூடக் குழியைக் கட்டி, அதன்மேல் சீமெந்துத் தட்டுப் போட்டு, அந்தத் தட்டின்மேல் ஒரு சிறிய களஞ்சிய அறையையும் எழுப்பிவிட்டார். குழி ஒருநாள் நிறையும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது நிறையும் நாளைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருடங்கள் கழித்துக் கலிபவுசர் வாசலில் வந்து நின்றபோது, குழாயை விடுவதற்கு ஒரு வாய் கூட இருக்கவில்லை. அறையின் தளத்தை உடைத்தோம். குழி கட்டியதற்குச் செலவானதைவிட, அதைத் திறந்ததற்குக் கூடுதலாகச் செலவானது.

செலாஃபீல்டில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். ஒரே வித்தியாசம், அங்கே தளத்தை உடைப்பதற்கு மனிதர் கிட்டப் போக முடியாது. அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தை அவசர அவசரமாக உற்பத்தி செய்த 1950களில், எரிபொருள் கோல்களிலிருந்து உரித்தெடுத்த உலோக உறைகளைப் போடுவதற்கு அங்கே ஒரு கொங்கிறீற்றுக் கோபுரம் கட்டப்பட்டது. அதன் வடிவமைப்பு தானியக் களஞ்சியம் ஒன்றைத் தழுவியது. அம்பாறைப் பக்கத்து நெற் களஞ்சியங்களைப் பார்த்தவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும்: மேலிருந்து கொட்டலாம். நெற் களஞ்சியத்தில் கீழே ஒரு கதவு இருக்கும். இதில் அதுவும் இருக்கவில்லை. ஆறு அறைகள், ஏறத்தாழ 3,200 கன மீற்றர் கழிவு, வெளியே எடுப்பதற்கு வழியில்லை. உள்ளே கிடக்கும் உலோகங்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால், பல தசாப்தங்களாக அதற்குள் ஆர்கன் வாயுவை நிரப்பி வைத்திருக்கிறார்கள். பக்கச் சுவரில் தொலைவிலிருந்தே துளை வெட்டி, கதவுகள் பொருத்தி, இயந்திரக் கையால் முதல் தொகுதிக் கழிவை வெளியே எடுத்தது 2023இல்தான். அந்தச் சுவரை எந்தக் கருவியால், எந்த வேகத்தில், தீப்பொறி பறக்காமல் வெட்டுவது என்று ஒத்திகைக் கூடங்களில் வருடக்கணக்காகச் சோதித்ததும் நீங்கள் கேட்ட அந்த ஆராய்ச்சிதான்.

குழி தோண்டி மூடும் யோசனையையும் அவர்கள் சோதிக்காமல் விடவில்லை. ஸ்கொட்லாந்தின் வடகரையிலுள்ள டூன்றேயில், கடலடிச் சுரங்கம் ஒன்றை வெட்டியபோது கல்லும் மண்ணும் ஏற்றுவதற்காகத் தோண்டிய 65 மீற்றர் ஆழமான குழி சும்மா கிடந்தது. 1959 முதல் அதற்குள் கதிரியக்கக் கழிவைப் போட்டார்கள். போட்டவற்றுள் சோடியமும் பொட்டாசியமும் இருந்தன. குழிக்குள் தண்ணீர் இருந்தது. சாதாரண தரம் இரசாயனவியல் படித்த பிள்ளைக்கு மீதிக் கதை தெரியும். 1977 மே மாதத்தில் குழி வெடித்து, அதன் மூடி தூக்கி எறியப்பட்டது. இன்று அந்தக் குழியிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் வெளியே எடுப்பதற்கான வேலை நடக்கிறது. உள்ளே என்னென்ன கிடக்கின்றன என்பதற்கு முழுமையான பதிவேடு இல்லாதபடியால், எடுக்கும் செலவு எத்தனையோ மடங்காகிவிட்டது.

ஆகவே, ஆய்வாளர்கள் விடை தேடும் கேள்விகள் பெரும்பாலும் இப்படிச் சாதாரணமாகத்தான் இருக்கும். நிலத்தடி நீரில் செம்பு எத்தனை ஆயிரம் ஆண்டுகளில் அரிக்கும்? கழிவை உருக்கிக் கலந்த கண்ணாடி எவ்வளவு மெதுவாகக் கரையும்? சீமெந்துக்குள் அடைத்த மக்னீசியம் உப்பிப் பெட்டியைப் பிளக்குமா? சுவீடனில் எஸ்பே என்னுமிடத்தில் ஏறத்தாழ 450 மீற்றர் ஆழத்தில், கருங்கற்பாறைக்குள்ளே ஓர் ஆய்வுகூடம் வைத்து, முழு அளவிலான செம்புக் கொள்கலன்களைக் களிமண்ணால் சூழ்ந்து, மின் வெப்பமூட்டிகளால் சூடாக்கி, வருடக்கணக்காக விட்டுப் பார்த்திருக்கிறார்கள். உண்மையான கழிவு அதற்குள் ஒரு கிராம் கூட இல்லை. ஒத்திகை என்றால் அதுதான்.

அக்கரைப்பற்றிலிருந்து வர்த்தகர் ஒருவர்: மின்சாரம் பாவித்தவன் ஒருவன், பணம் கட்டுகிறவன் வேறொருவன் என்றால் அது என்ன கணக்கு? இந்தச் செலவை யார் ஏற்பது நியாயம்?

உங்கள் கேள்வியிலேயே நியாயம் இருக்கிறது. உலை ஓடும் காலத்தில் விற்கப்படும் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு சிறு தொகையை எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் கொள்கை. அமெரிக்கா 1982இல் இதைச் சட்டமாக்கி, அலகுக்கு ஒரு சதத்தின் பத்தில் ஒரு பங்கை அறவிட்டது. இந்தியாவில் அணுமின் கட்டணத்தில் உலையை அகற்றுவதற்கென அலகுக்கு 2 பைசா சேர்க்கப்படுகிறது.

வர்த்தகர் கேட்டதனால் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கூடங்குளத்தில் உள்ளதைப் போன்ற 1000 மெகாவாட் உலை ஒன்று, திருத்த வேலைக்காக நிற்கும் நாட்களைக் கழித்து, வருடத்துக்கு ஏறத்தாழ 700 கோடி அலகுகளை உற்பத்தி செய்யும். அலகுக்கு 2 பைசா வீதம் 14 இந்தியக் கோடி ரூபா சேரும். நாற்பது வருடங்களில், வட்டியைச் சேர்க்காமல், 560 கோடி. இரண்டு உலைகளுக்கும் 1,120 கோடி. அந்த இரண்டையும் கட்டுவதற்கு 17,000 கோடி ரூபாவுக்கு மேல் செலவானது. வட்டி சேரும், உண்மை. ஆனால் கூலியும் விலைவாசியும் வட்டியோடு சேர்ந்தே ஏறும். கட்டிய செலவில் பதினைந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, கதிரியக்கம் ஏறிய ஒரு கட்டடத்தைக் கழற்றி முடிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், நான் அவருக்குச் சீட்டுப் பிடிக்கக் கூடப் பணம் கொடுக்க மாட்டேன். மேலும், பாவித்த எரிபொருளின் செலவு வேறு. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் கூடங்குளத்தை இயக்க அனுமதித்தபோது விதித்த 15 நிபந்தனைகளுள், உலைக்கு வெளியே எரிபொருளைச் சேமிக்கும் நிலையம் ஐந்து வருடங்களுக்குள் அமைய வேண்டும் என்பதும் ஒன்று. அந்த ஐந்து வருடங்கள் போதாமல் 2018இல் தவணை நீட்டப்பட்டது.

பணத்தைச் சேர்த்துவிட்டால் மட்டும் காரியம் ஆகாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அலகுக்கு அறவிட்ட அந்தப் பணம் சேர்ந்த நிதியத்தில் 40 பில்லியன் டொலருக்கு மேல் கிடக்கிறது. 1998 ஜனவரி 31இற்குள் பாவித்த எரிபொருளைப் பொறுப்பேற்கத் தொடங்குவதாகச் சட்டப்படி உறுதியளித்த அரசு, இன்று வரை ஏற்கவில்லை. மின்நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அரசு 10 பில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு கட்டியிருக்கிறது. அந்த நட்டஈடு நிதியத்திலிருந்து அல்ல, வரி கட்டுவோர் பணத்திலிருந்தே போகிறது. நீங்கள் கேட்ட ‘வேறொருவன்’ அவர்தான்.

பின்லாந்துக்காரர் இதில் கெட்டிக்காரர். 1988 முதல் அங்கே ஒரு நிதியம் இருக்கிறது. உலை இன்றே மூடப்பட்டால் இதுவரை சேர்ந்த கழிவுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகைக்கு ஈடாகக் கம்பனிகள் பணம் கட்ட வேண்டும். கழிவு பற்றிய பொது ஆய்வுக்கான பணமும் அதே கம்பனிகளிடம்தான் கட்டணமாக அறவிடப்படுகிறது. ஆனால் எதை ஆராய்வது என்பதைக் கம்பனி தீர்மானிப்பதில்லை. கறப்பது கம்பனியின் மாடு, பாலை அளப்பது அரசின் படி. எனக்குத் தெரிந்தவரை இதைவிட நேர்மையான ஏற்பாட்டை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

நமது நாட்டிலும் அணுமின் நிலையம் பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு ஒன்று வந்து நமது ஆயத்தத்தைப் பார்த்துவிட்டும் போனது. அப்படியொரு நாள் வந்தால், எந்த ஊரில் கட்டுவது என்று சண்டை பிடிப்பதற்கு முன்னர், இந்த நிதியத்தை எந்தச் சட்டத்தில் எழுதுவது, திறைசேரி அதில் கைவைக்காதபடி எப்படிப் பூட்டுவது என்று கேட்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியைக் காட்டிக் கடன் மறுசீரமைப்புச் செய்த நாட்டில் இந்தக் கேள்வி மிகையாகாது.

வந்தாறுமூலையிலிருந்து பல்கலைக்கழக மாணவி ஒருவர்: ‘இன்னும் ஆராய்கிறோம்’ என்று சொல்லியே முடிவைத் தள்ளிப் போடுவதற்கு இந்த ஆய்வு நிதி உதவுகிறது என்று நான் நினைக்கிறேன். என் எண்ணம் தவறா?

பாதி சரி, தங்கையே. அந்தப் பாதி கசப்பானது. ஜேர்மனியில் அஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தை ‘ஆய்வுச் சுரங்கம்’ என்ற பெயரில் அரசு வாங்கியது. 1967க்கும் 1978க்கும் இடையில் அந்த ஆய்வின் பெயரால் ஏறத்தாழ 1,26,000 பீப்பாய்களை உள்ளே இறக்கினார்கள். பல அறைகளில் பீப்பாய்களை அடுக்கக் கூட இல்லை. சரிவில் உருட்டிவிட்டு உப்பைக் கொட்டி மூடினார்கள். திரும்ப எடுக்கும் எண்ணமில்லாமல் ஓர் இலட்சம் பீப்பாய்களை இறக்கியது ஆய்வாக இருக்க முடியாது. கழிவைக் கொட்டியதற்குச் சூட்டிய பெயர்தான் அது. 1988 முதல் அந்தச் சுரங்கத்துக்குள் நாளாந்தம் உப்புநீர் கசிகிறது. எல்லாவற்றையும் மீண்டும் வெளியே எடுப்பதற்கு 2013இல் தனிச்சட்டமே இயற்றினார்கள்.

அணுக்கழிவைப் புதைப்பதற்கென அமெரிக்கா தெரிவு செய்த, நெவாடா மாநிலத்தின் யக்கா மலை மறுவகை. 15 பில்லியன் டொலர் அளவுக்குச் செலவழித்து, உலகில் வேறெந்த மலையையும் ஆராயாத அளவுக்கு அதை ஆராய்ந்தார்கள். ஆனால் 1987இல் மற்ற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு மலையைத்தான் பார்க்க வேண்டும் என்று காங்கிரஸ் சட்டம் போட்டபோது, நெவாடா மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை எந்த ஆய்வறிக்கையாலும் ஆற்ற முடியவில்லை. 2011உடன் பணம் நின்றது.

மற்றப் பாதிக்கு பிரான்ஸ். 1991 டிசம்பரில் அவர்கள் இயற்றிய சட்டம், ஆய்வுக்குப் பதினைந்து வருடத் தவணை கொடுத்தது. மூன்று வழிகளை ஆராயுங்கள்: நீண்ட ஆயுளுள்ள கழிவைப் பிரித்து வேறு தனிமமாக மாற்றுவது, ஆழத்தில் புதைப்பது, மேற்பரப்பில் நீண்டகாலம் வைத்திருப்பது. தவணை முடிந்ததும் பாராளுமன்றத்துக்கு வாருங்கள். இடையில், சுயாதீனமான மதிப்பீட்டுக் குழு ஒன்று வருடந்தோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். சொன்னபடியே 2006இல் பாராளுமன்றம் கூடி, ஆழப் புதைப்பையே முதன்மை வழியாக ஏற்றது. அதற்கான பியூர் ஆய்வுகூடம் 490 மீற்றர் ஆழத்தில் இயங்குகிறது. அந்தத் திட்டத்துக்கும் அங்கே கடும் எதிர்ப்பு உண்டு. எதிர்ப்பவர்களின் கையிலும் அதே ஆய்வறிக்கைகள்தான் இருக்கின்றன.

பிரித்தானியாவில் பௌதிகவியலாளர் பிரையன் பிளவர்ஸ் தலைமையிலான அரச ஆணைக்குழு, நீண்டகாலக் கழிவைப் பாதுகாப்பாக அடைத்து வைக்க வழியுண்டு என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் வரை பெரிய அணுமின் திட்டத்தில் இறங்கக் கூடாது என்று 1976இல் சொன்னது. அந்நாட்டின் கால்டர் ஹோல் அணுமின் நிலையம் 1956இல் திறக்கப்பட்டுவிட்டது. இருபது வருடம் பிந்திய புத்திமதி! சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணக்கின்படி, 1970களின் நடுவில் அதன் உறுப்பு நாடுகள் எரிசக்தி ஆய்வுக்குச் செலவிட்ட அரச பணத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அணுசக்திக்கே போனது. பணம் இல்லை என்ற சாட்டு அன்று எவருக்கும் இருக்கவில்லை. புதிய உலைகளை வடிவமைப்பதில் கிடைத்த பெயரும் புகழும் பழைய குழியை அளப்பதில் கிடைக்கவில்லை என்பதே என் ஊகம்.

பொத்துவிலிலிருந்து ஒருவர்: கடலில் போட்டால் என்ன? ரொக்கெட்டில் சூரியனுக்கு அனுப்பினால் என்ன?

கடலில் போட்டார்கள், 1946 முதல் பல நாடுகள் போட்டன. 1993இல் உலக நாடுகள் கூடி அதை முற்றாகத் தடை செய்தன. பொத்துவில் மீனவர்களிடம் கேட்டிருந்தால் அதற்கு முன்னரே தடை செய்திருப்பார்கள். ரொக்கெட் சில வேளை ஏறும்போதே வெடிக்கும். அதற்குமேல் இந்த யோசனைக்குப் பணம் செலவிடத் தேவையில்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து விவசாயி ஒருவர்: இருபத்துநாலாயிரம் வருடம் விஷமாக இருக்கும் என்கிறார்கள். அத்தனை காலத்துக்கு யார் காவல் இருப்பது?

புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைவதற்கே 24,100 ஆண்டுகள் எடுக்கும். முற்றாக அடங்குவதற்கு அதன் பல மடங்கு வேண்டும். உங்கள் படுவான்கரையிலேயே இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. வெல்லாவெளிப் பக்கத்துப் பாறைகளில் இருக்கும் பிராமி எழுத்துகளுக்கு இரண்டாயிரம் வருடம்தான் ஆகிறது. அவற்றைப் பார்த்தவுடனே வாசிக்கக்கூடியவர்கள் நமது மாவட்டத்தில் எத்தனை பேர்? அதனால்தான், ‘இங்கே தோண்டாதே’ என்பதைப் பத்தாயிரம் வருடங்களுக்குப் பின் வருபவனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்கும் அமெரிக்கா ஒரு காலத்தில் பணம் கொடுத்து, மொழியியலாளரையும் மானிடவியலாளரையும் கூட்டியது. கேலி செய்தவர்கள் உண்டு. நான் கேலி செய்ய மாட்டேன்.

பின்லாந்தின் வழி, காவலே தேவைப்படாதபடி செய்வது. ஒன்கலோ என்னும் நிலத்தடிக் களஞ்சியத்தில் 400 மீற்றருக்குக் கீழே, செம்புக் கொள்கலன், அதைச் சுற்றி நீர்பட்டால் உப்பி இறுகும் களிமண், அதைச் சுற்றிப் பாறை. ஊர்ச்சபை விரும்பாவிட்டால் தடுக்கலாம் என்ற உரிமையைச் சட்டம் கொடுத்திருந்தது. யூரயோக்கி ஊர்ச்சபை சம்மதித்தது. பாராளுமன்றம் 2001இல் 159க்கு 3 என்ற வாக்குகளால் ஏற்றது. தோண்டத் தொடங்கியது 2004இல். வெற்றுக் கொள்கலன்களை வைத்து முழு ஒத்திகை தொடங்கியது 2024இல்.

ஏறாவூரிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவர்: நமது நாட்டில் அணு உலையே இல்லை; நமக்கு ஏன் இந்தப் பேச்சு? இன்னுமொரு விடயம்: மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றின் இரும்போடு, ஈயம்போலப் பாரமான ஓர் உருளை வந்திருக்கிறது. மஞ்சள் தகட்டில் மூன்று இதழ்ப் பூப்போல ஒரு குறி. வெட்டினால் நல்ல விலை போகும் என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியது, என்ன செய்வது?

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஆளனுப்பிச் சொல்லிவிட்டேன். மற்ற வியாபாரிகளுக்காக இங்கே எழுதுகிறேன். அந்தக் குறி, உள்ளே கதிரியக்கம் உண்டு என்ற எச்சரிக்கை: வெட்டக் கூடாது, சுத்தியலால் தட்டக் கூடாது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. தூர நின்று, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

அணு உலை இல்லாத நாட்டிலும் அணுக்கழிவு உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், தொழிற்சாலையில் தடிப்பும் மட்டமும் அளக்கும் கருவிகளுக்கும், மருத்துவப் பொருட்களைத் தொற்று நீக்குவதற்கும் கோபால்ட்-60, சீசியம்-137 போன்றவை பாவிக்கப்படுகின்றன. கோபால்ட் ஐந்தேகால் வருடத்திலும் சீசியம் முப்பது வருடத்திலும்தான் பாதியாகும். கருவியை வாங்கிய கம்பனி அதற்குள் மூடப்பட்டிருக்கும்.

1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் பழைய இரும்புக்காகக் கழற்றிச் சென்ற இயந்திரத்தினுள்ளே 93 கிராம் சீசியம் உப்பு இருந்தது. அது இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருந்ததால் வீட்டுக்கு வந்தவர்களுக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஒருத்திக்கு ஆறு வயது. 1,12,000 பேரைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. வீடுகளை இடித்து, மண்ணை வெட்டி அகற்றியபோது சேர்ந்த கழிவு ஏறத்தாழ 3,500 கன மீற்றர். 2010இல் தில்லி மாயாபுரியிலும் பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற பழைய கருவியை இரும்புக் கடையில் வெட்டியதால் ஒருவர் உயிரிழந்தார்.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ், இத்தகைய கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிக் கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குறுத்துகைப் பேரவையின் பொறுப்பு. பொது நிதியில் ஒரு சிறு தொகையை எங்கே போடலாம் என்று என்னைக் கேட்டால், கைவிடப்பட்ட கதிரியக்கப் பொருட்களைத் தேடி எடுத்துச் சேமிப்பதற்குப் போடுங்கள் என்பேன். பொருளைக் கண்டவன் அறிவித்தால் வழக்கும் அலைச்சலும் நட்டமும்தான் மிஞ்சும் என்றால், எந்த வியாபாரியும் இரவோடிரவாக வெட்டி விற்கத்தான் பார்ப்பான்.

நீங்கள் கொடுத்த காசு திரும்பக் கிடைக்குமா என்று கேட்டனுப்பியிருந்தீர்கள். அப்படிக் கொடுப்பதற்கு இப்போதைக்கு ஓர் ஒழுங்கு இருப்பதாக உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் கேட்டுவிட்டேன். எடை போட்ட துண்டைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள். அந்த உருளை எந்தத் தொழிற்சாலையிலிருந்து, எந்த லொறியில், என்றைக்கு வந்தது என்பதற்கு இப்போது இருக்கும் ஒரே பதிவேடு அதுதான்.